நூற்று ஐம்பத்தாறுக்கு நூற்றிரண்டு

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் என்பது எங்கள் கம்பெனியில் நான்கு வருடம் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஓசூர்ப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் டிகிரி என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். படித்தவர்கள் இரண்டு மாதத்தில் ஓடிவிடுவார்கள், ஓடாவிட்டால் சட்டம் பேசுவார்கள் என்பது அவர்கள் நினைப்பு. அதனால் எங்களைப் போலத் தெற்கே இருந்து வந்தவர்கள் ப்ளஸ் டூ சான்றிதழை மட்டும் நீட்டுவோம். என்னோடு பேக்கிங்கில் நின்ற ஆறு பெண்களில் ஒருத்தி, டீ குடிக்கும்போது வடை சுற்றி வந்த ஆங்கிலப் பேப்பரை விரித்து வைத்துக் கடைசி வரி வரை படிப்பாள். ப்ளஸ் டூ படித்தவள் அப்படிப் படிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.

விருதுநகர்ப் பக்கம் எங்கள் வீட்டில் என் பட்டமளிப்புப் போட்டோவை அப்பா நடு வீட்டில் மாட்டியிருக்கிறார். இங்கே மத்திகிரி வாடகை வீட்டில் அந்தச் சான்றிதழ் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் கிடந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் கம்பெனி பேரிகை போகிற ரோட்டில் இருக்கும் சின்ன இடம். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் கல்லை அறுத்து முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்கிறார்களே, அந்தக் கடைசித் தேய்ப்புக்கு வேண்டிய வெள்ளைப் பொடி, அலுமினா, இங்கே தயாராகிறது. முன்பெல்லாம் அலுமினாவைக் கட்டியாகவே வெளியில் வாங்கி, அரைத்து, சலித்து, மூட்டை கட்டுவோம். நூறு கிலோ உள்ளே போனால் தொண்ணூற்றெட்டு வெளியே வரும். இரண்டு கிலோ தூசியாகப் போகும். எல்லாருக்கும் பழகிப்போன கணக்கு அது.

போன வருடம் முதலாளியின் மருமகன் மேனேஜராக வந்தார். பி.காம். படித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எந்த எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்காமல் தூக்கம் வராத மனிதர், அவ்வளவுதான். கட்டியாக வாங்குவதை விட்டு, அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடியை வாங்கி நாமே சுட்டு அலுமினா ஆக்கிக்கொள்ளலாம் என்று அவர் ஒரு ஃபர்னஸ் போட்டார். ஃபர்னஸ் போட வந்தவர்கள் இரண்டு வாரம் இருந்தார்கள். எத்தனை டிகிரி சூடு, எத்தனை மணி நேரம் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். எவ்வளவு போட்டால் எவ்வளவு வரும் என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஃபர்னஸைப் பார்த்துக்கொண்டவர் நாட்றாம்பாளையத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், லாரிக்காரர்களிடம் தெலுங்கு. வாரம் முழுக்கக் கம்பெனி ஷெட்டிலேயே தங்கி, சனிக்கிழமை மதியம் ஒரு பெரிய பையோடு அஞ்செட்டி பஸ்ஸைப் பிடிப்பார். எல்லாரும் அவரை அண்ணா என்பார்கள். நான் மட்டும் எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணே என்பேன். "மதுரை வந்துருச்சு" என்று கிண்டல் செய்வார். மதுரைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பஸ் பயணம் இருக்கிறது என்று பலமுறை சொல்லியும் பயனில்லை.

முதல் மாத முடிவில், ஒரு சனிக்கிழமை காலை, மேனேஜர் ஸ்டாக் எடுத்தார். ஃபர்னஸுக்குள் போனது நூற்றிருபது மூட்டை, மூட்டைக்கு ஐம்பது கிலோ, ஆக ஆறாயிரம் கிலோ ஹைட்ராக்சைடு. நாங்கள் கட்டிய அலுமினா இருபத்தைந்து கிலோ மூட்டையில் நூற்றைம்பத்தைந்து, அதாவது மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து கிலோ. இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் காணோம்.

மேனேஜர் நேராகப் பேக்கிங் பக்கம் வந்தார். அண்ணனையும் அங்கேயே கூப்பிட்டார்.

"என்னப்பா, ரெண்டு டன் எங்க?"

"நான் எங்க சார் எடுத்துகினு போறேன்? சுடறப்ப ஆவியா போவுது சார். புகைக்கூண்டுல நீங்களே பாருங்க, வெள்ளையா போய்கினே இருக்கும்."

மேனேஜர் கையோடு ஒரு பிடி ஹைட்ராக்சைடு கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் கொட்டி ஊதினார். பொடி பறந்தது.

"மைதா மாவு மாதிரி காஞ்சு கெடக்கு. இதுல தண்ணி எங்க இருக்கு? ஃபர்னஸ் போட்டவங்களுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டேன். ஈரம் கொஞ்சம் குறையும், அஞ்சு பர்சென்ட் இருக்கும்னு சொல்றாங்க. மூணுல ஒரு பங்கு குறையுமா? உன் மச்சான் கிரானைட் ஷெட்லதானே வேலை பாக்கறான்?"

அந்தக் கடைசிக் கேள்வியில் அண்ணனின் முகம் செத்துப்போனது. மேனேஜர் அவருடைய பையைத் திறக்கச் சொன்னார். அழுக்குத் துணி, மகளுக்கு வாங்கிய பள்ளிக்கூட ஷூ, ஒரு பாக்கெட் பன். ஆறு பெண்கள் பார்க்க அதையெல்லாம் மேசையில் எடுத்து வைத்து, திரும்ப உள்ளே வைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டு டன்னை நாலு சனிக்கிழமைக்குப் பிரித்தால் தடவைக்கு ஐந்நூறு கிலோ. அஞ்செட்டி பஸ்ஸில் ஐந்நூறு கிலோவை மடியில் வைத்துக்கொண்டா போயிருப்பார்? ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் ப்ளஸ் டூ.

"திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். எங்க போச்சுன்னு சொல்லிடு. இல்லன்னா செவ்வாய்க்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார் மேனேஜர்.

அண்ணன் அன்று ஊருக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "போனா ஓடிட்டான்னு சொல்வாங்க. இங்கியே கெடக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுத உட்கார்ந்தேன். ஹைட்ராக்சைடு மூட்டையில் அச்சடித்திருந்த வாய்பாடு கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு அலுமினியம், மூன்று ஆக்சிஜன், மூன்று ஹைட்ரஜன். அணு எடை எல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. அலுமினியம் இருபத்தேழு, ஆக்சிஜன் பதினாறு, ஹைட்ரஜன் ஒன்று. போனைத் தொடாமலே வந்தன. கூட்டினால் எழுபத்தெட்டு. அலுமினாவில் இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன். கூட்டினால் நூற்றிரண்டு.

எழுபத்தெட்டு கிலோ போட்டால் நூற்றிரண்டு கிலோ வரும். ஆறாயிரம் போட்டால்? பெருக்கி வகுத்தேன். ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

அப்படியானால் காணாமல் போனது இரண்டு டன் இல்லை, நான்கு டன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் என்ன நினைத்தேன் என்பதை இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அண்ணனின் மச்சானை நினைத்தேன். ஷெட்டில் ஃபர்னஸோடு அவர் ஒற்றை ஆளாக இருக்கும் நேரங்களை நினைத்தேன். சிரித்துப் பேசுகிறவர்களை நம்பக்கூடாது என்றுகூட நினைத்தேன். குழம்பு அடிப்பிடித்து வாசம் வந்தது. எழுந்துபோய் அணைத்தேன்.

சட்டியைச் சுரண்டும்போதுதான் மூளை வேலை செய்தது. புகைக்கூண்டில் ஆவி போகிறதை நானே பார்த்திருக்கிறேன். வெளியே ஏதோ போகும்போது மிச்சம் எப்படிக் கூடும்? எங்கிருந்து வந்து சேரும்? திரும்ப வந்து தாளைப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு அலுமினியம். வலது பக்கம் இரண்டு. இல்லாத ஒரு அலுமினியத்தை நானே உள்ளே போட்டிருக்கிறேன். முதல் வருடத்துப் பிள்ளை செய்கிற தப்பு. எழுபத்தெட்டுக்கு முன்னால் ஒரு இரண்டைப் போட வேண்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு பாக்கெட் என்று நான் தினமும் செய்கிற வேலை, அதே மாதிரி, இரண்டு மோல் ஹைட்ராக்சைடு சேர்ந்தால்தான் ஒரு மோல் அலுமினா.

இரண்டு எழுபத்தெட்டு, நூற்று ஐம்பத்தாறு. அது கொடுப்பது நூற்றிரண்டு. மீதி ஐம்பத்து நாலு, சரியாக மூன்று பதினெட்டு, அதாவது மூன்று மோல் தண்ணீர். அந்தத் தண்ணீர் பொடியில் ஈரமாக இருக்காது. அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும். கையில் எடுத்து ஊதினால் மாவு மாதிரிப் பறக்கும். நன்றாகச் சுட்டால்தான் பிரிந்து ஆவியாகும். ஆறாயிரத்தை நூற்றிரண்டால் பெருக்கி நூற்று ஐம்பத்தாறால் வகுத்தேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று.

நாங்கள் கட்டியது மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து. வித்தியாசம் நாற்பத்தெட்டே கிலோ. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடிப்பிடித்த குழம்பைப் பற்றி என் வீட்டுக்காரர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான். ஆனா இது உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்கள்ல? கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா மறுநாளே கேட்டுக்கு வெளியதான்."

"தெரியும்."

"ரெண்டு பேர் சம்பளத்துலதான் ஓடுது."

"அதும் தெரியும். அந்தாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா, எனக்குத் தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னு ஆகிடும்ல."

அவர் தாளை எடுத்து வரி வரியாகப் பார்த்தார். பிறகு, "கணக்குத் தப்பா இருந்துடப் போகுது, இன்னொரு தடவை போட்டுப் பாரு" என்றார். அவர் சம்மதம் சொல்கிற விதம் அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போனேன். நான்கு வருடத்தில் அந்த அறைக்குள் அதுதான் முதல் தடவை. காலண்டர் தாளை மேசையில் வைத்து விளக்கினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பேப்பர்ல எதை வேணா எழுதலாம்மா."

"அப்ப எழுத வேணாம் சார். சுட்டுப் பாக்கலாம். என் தராசுல நூத்தம்பத்தாறு கிராம் நிறுத்துத் தர்றேன். இன்னைக்கு லோடோட வைங்க. நாளைக்கு நூத்திரண்டு கிராம் இருக்கும். இல்லன்னா நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க, நானும் வர்றேன்."

இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கிலோ பாக்கெட் போடுவதற்கு என்னிடம் ஒரு சின்னத் தராசு உண்டு. கிராம் சுத்தமாகக் காட்டும். அதைத் தினமும் துடைத்து வைக்கிறவள் நான். ஃபர்னஸ் போட்டவர்கள் விட்டுப்போன பீங்கான் கிண்ணத்தை வைத்து, அதன் எடையைக் கழித்து, மேனேஜர் கண்ணெதிரே நிறுத்தேன். அவர் கிண்ணத்தைத் தன் கையாலேயே கொண்டுபோனார். யாரும் தொடக்கூடாது என்று கதவில் பேக்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டார். சூடு ஏறினதும் டேப் உருகிச் சுருண்டு விழுந்துவிட்டது. அதனால் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரே காவல் உட்கார்ந்தார். வியர்வை ஊற்றியது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அண்ணன் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

ஆறி வர மறுநாள் காலை ஆகிவிட்டது. கிண்ணத்தை என் தராசில் வைத்தேன். எண்கள் ஓடி நின்றன. நூற்று மூன்று.

"ஒண்ணு கூட இருக்கே" என்றார் மேனேஜர்.

"ஆறுறப்ப காத்துல இருக்கற ஈரத்தைக் கொஞ்சம் குடிச்சிருக்கும் சார். ஐம்பத்து மூணு கிராம் எங்க போச்சுன்னு கேளுங்க. நீங்கதான் காவல் இருந்தீங்க."

பேக்கிங் பெண்கள் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. கால்குலேட்டரை எடுத்து அவரே ஆறாயிரத்துக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவை போட்டார். அப்புறமும் விடவில்லை.

"நாப்பத்தெட்டு கிலோ குறையுதே."

அதற்கு அண்ணன் பதில் சொன்னார். "தட்டுல இருந்து கொட்டறப்ப தரையில செதறும் சார். அழுக்கு சேந்துரும்னு மூட்டையில கலக்கல. கூட்டி அள்ளி ஃபர்னஸ் பின்னாடி ரெண்டு சாக்குல கட்டி வெச்சிருக்கேன். என்னிக்காச்சும் கேப்பீங்கன்னுதான் வெச்சேன்."

போய் எடுத்துவந்து நிறுத்தார்கள். நாற்பத்தொரு கிலோ. மீதி ஏழு கிலோ ஒரு மாதத்துக் காற்றோடு போனது. அந்த ஏழு கிலோவுக்காக மேனேஜர் அதற்குமேல் வாதாடவில்லை.

மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. என் பக்கம் திரும்பி, "நீ என்ன படிச்சிருக்கம்மா?" என்றார்.

நான்கு வருடமாகத் தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன். "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சார்" என்றேன். எல்லாரும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்த நிமிடம் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தது. அவ்வளவு நிம்மதி.

மத்தியானமே கான்ட்ராக்டர் வந்துவிட்டார். அவர் ஆட்கள் யார், என்ன என்பது அவருக்கே தெரியாமல் போனதுதான் அவருக்குப் பெரிய அவமானம். லிஸ்டிலிருந்து என் பெயரை அடித்துவிட்டதாக வாசலிலேயே சொன்னார். மேனேஜர் எட்டிப் பார்த்து, "அடிச்சுக்கோங்க. அந்தம்மா இனிமே கம்பெனி ஆளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்னிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. டீ நேரத்தில் அந்தப் பேப்பர் படிக்கிற பெண் என் காதோரம் வந்து, "நான் பி.ஏ. இங்கிலீஷ்" என்றாள். வெளியே சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அண்ணன் நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏம்மா, என்னைய நம்பிதான் கணக்கு போட்டியா? இல்ல, கணக்கு போட்டப்புறம் நம்புனியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "கணக்குப் போட்டப்புறம்தான் அண்ணே. முதல்ல ஒரு தப்புப் போட்டேன். அப்ப உங்கமேல சந்தேகம்கூட வந்துச்சு."

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன்.

"அப்ப எனக்கும் அந்தக் கணக்க சொல்லிக் குடு" என்றார். "நாளைக்கு நீ இல்லன்னாலும் யாரும் என் பையைத் தொறக்கக்கூடாது."

அங்கேயே, பஸ் வருவதற்குள் சொன்னேன். எத்தனை கிலோ போட்டாலும் நூற்றிரண்டால் பெருக்கு, நூற்று ஐம்பத்தாறால் வகு. அவர் போனில் போட்டுப் பார்த்தார். ஒரு மூட்டைக்கு முப்பத்திரண்டு கிலோ எழுநூறு. ஒரு லோடு பன்னிரண்டு மூட்டை, அறுநூறு கிலோ. அதற்கு முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஏன் இரண்டு, ஏன் ஒன்று என்றும் கேட்டார். அதையும் சொன்னேன். கல்லூரியில் என் வகுப்பில் பாதிப் பேர் அதைக் கேட்டதே இல்லை.

புதன்கிழமை ஃபர்னஸிலிருந்து அடுத்த லோடு இறங்கியது. மேனேஜர் தன் நோட்டோடு பெரிய தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்த நோட்டில் எடை எழுதுவது மேனேஜர் மட்டும்தான். மூட்டைகள் ஏறுவதற்கு முன்னாலேயே அண்ணன் அவர் எதிரே போய் நின்றார்.

"முன்னூத்தித் தொண்ணூத்திரண்டு வரணும் சார். குறைஞ்சா என்னைய கேளுங்க. கூடுனா இந்தம்மாவ கேளுங்க."

தராசு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று காட்டியது.

"ஒரு கிலோ தரையில கெடக்கு. கூட்டித் தர்றேன்" என்று அண்ணன் துடைப்பத்தை எடுத்தார். மேனேஜர் நோட்டைத் திறந்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார், அப்புறம் என்ன நினைத்தாரோ, இரண்டையும் அவரிடம் நீட்டினார். அண்ணன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எடையைத் தானே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.